யூதர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு?

கேள்வி: நியூயார்க், மாண்ட்ரியல், சிகாகோ என்று யூதர்கள் போன இடங்களில் எல்லாம் தங்களுக்கென்று தனி மருத்துவமனை கட்டிக்கொண்டார்களாமே? நோய்க்கு ஏது மதம்? இது குறுகிய மனப்பான்மை இல்லையா? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: நோய்க்கு மதம் இல்லைதான். டாக்டருக்கு இருந்ததே! நீங்கள் இந்தக் கேள்வியை 1934 ஜூன் மாதம் கனடாவில், மாண்ட்ரியலின் நோத்ர் தாம் மருத்துவமனைப் பயிற்சி டாக்டர்களிடம் கேட்டிருக்க வேண்டும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறிய சாமுவேல் ரபினோவிச் அங்கே பணியில் சேர்ந்தார். யூதரோடு வேலை பார்க்க முடியாது என்று மற்ற பயிற்சி டாக்டர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். நகரத்தின் வேறு சில மருத்துவமனைகளிலும் அது பரவியது. அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைக்கூடப் பார்க்க மறுத்தார்கள். நான்கு நாள் கழித்து, நோயாளிகள் அவதிப்பட வேண்டாம் என்று ரபினோவிச்சே ராஜினாமா செய்தார். ஸ்டிரைக் செய்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். குறுகிய மனப்பான்மை எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாண்ட்ரியல் யூதப் பொது மருத்துவமனை அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. ஸ்டிரைக் நடந்ததால் கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பணம் திரட்டும் வேலை முன்பே தொடங்கியிருந்தது. அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதற்குத்தான் ஸ்டிரைக் சாட்சி. எந்த மதத்தவர் வந்தாலும் சிகிச்சை உண்டு என்பதே அந்த மருத்துவமனையின் கொள்கை.

நியூயார்க் கதை இன்னும் பழையது. 1852இல் 'யூதர் மருத்துவமனை' என்று பதிவாகி, 1855இல் மேற்கு 28ஆம் தெருவில் 45 படுக்கைகளோடு திறந்தார்கள். மற்ற மருத்துவமனைகளில் கோஷர் சாப்பாடு, அதாவது யூத மத விதிப்படியான சாப்பாடு, கிடைக்காது. சாகக் கிடக்கும் நேரத்தில் பாதிரியார் வந்து மதம் மாற்றிவிடுவாரோ என்ற பயம் வேறு. உங்கள் கட்சிக்கும் இங்கே ஒரு பாயிண்ட் உண்டு: ஆரம்பத்தில் விபத்து, அவசரம் தவிர யூதர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் வந்தபோது அந்த விதி நிற்கவில்லை. எல்லாருக்குமானது என்று ஊருக்குத் தெரியட்டும் என்று 1866இல் பெயரையே மவுண்ட் சினாய் என மாற்றிவிட்டார்கள்.

அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் லூயிசோன் என்ற அறுவை நிபுணர், ரத்தம் உறையாமல் இருக்க எவ்வளவு சோடியம் சிட்ரேட் சேர்த்தால் உடம்புக்குக் கேடில்லை என்று 1915இல் கண்டு சொன்னார். அதற்கு முன்னால், எடுத்த ரத்தம் உறைவதற்குள் அவசர அவசரமாக ஏற்றியாக வேண்டும். பிற்பாடு வந்த ரத்த வங்கிகளுக்கு அந்த வேலை ஓர் அஸ்திவாரம். அந்த ரத்தத்தில் மதம் பார்த்து யாரும் வேண்டாம் என்றதாகத் தெரியவில்லை.

அப்புறம், அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. தப்பித் தவறி டாக்டரானவருக்கும் பயிற்சிக்கு இடம் கிடைக்காது. யூத மருத்துவமனைதான் கதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கதவுகள் மெல்லத் திறந்தன. தனி மருத்துவமனைக்கான தேவையும் குறைந்தது. 1881இல் தொடங்கிய சிகாகோ மைக்கேல் ரீஸ் மருத்துவமனை 2009இல் மூடப்பட்டது. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் என்ற யூத மருத்துவமனை 1996இல் டீக்கனஸ் மருத்துவமனையோடு இணைந்தது. டீக்கனஸைத் தொடங்கியவர்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவ ஊழியப் பெண்கள்.