வேலையை விடும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: பரமக்குடிப் பக்கத்தில் தாத்தாவின் ஓட்டு வீடும், அதை ஒட்டி மூன்றரை ஏக்கர் நிலமும் இருக்கின்றன. பதினெட்டு ஆண்டுகளாக வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு ஏக்கரில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. மீதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறார். எனக்கு வயது 47. சென்னை வேலையை விட்டுவிட்டு, கையிலிருக்கும் ஒன்பது லட்சத்தில் வீட்டைப் புதுப்பித்து, மாப்பிள்ளைச் சம்பா நெல் போட்டு இயற்கை விவசாயம் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: சகோதரி, உங்கள் முழுக் கடிதத்தில் திண்ணைக்கும் தூணுக்கும் முற்றத்துக்கும் ஒன்றரைப் பக்கம். கிணற்றுக்கு ஒரே வரி. நானும் இப்படித்தான் தொடங்கினேன். தளத்துக்குச் செங்கல் தேடி ஊர் ஊராக அலைந்தேன். பங்குனியில் கிணறு வற்றியபோது மோட்டாருக்குக் கூடக் காசில்லை.

ஆகவே முதலில் கிணறு. ஒரு வாளி இறைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம் பருப்பை வேகவையுங்கள். குழையாமல் முழித்துக்கொண்டு கிடந்தால் உங்கள் காய்கறித் தோட்டத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். அதே வாரம் தண்ணீரையும் மண்ணையும் அரசு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். தூர்வார ஆளை அவசரப்பட்டு இறக்காதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அது அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. காற்றுப் போக வழி செய்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க, விவரம் தெரிந்தவர்தான் இறங்க வேண்டும்.

அடுத்தது பத்திரம். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உயில் எழுதாமல் போனவரின் மகள்களுக்கும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு உண்டு. "அத்தைகள் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்பதெல்லாம் மிளகாய் காய்க்கும் வரைதான். வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவை மாற்றிய பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள்.

அந்தப் பெரியவரை எழுப்பிவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்திருந்தால் அதைக் கைவிடுங்கள். சொந்த உழைப்பில் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், எந்த மூலையில் உப்புப் பூக்கும், எந்த வரப்பு உடையும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறத்தாழ ஐந்தரை மாதம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் அது சூதாட்டம். அந்தக் காலத்தில் அங்கே என்ன விதைத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். சித்திரைக்கார் நெல் என்பார், முண்டு மிளகாய் என்பார். அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதல் மழையில் மண் இளகியதும் இயந்திரம் வைத்து வேரோடு எடுங்கள். மரத்தைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். கரிமூட்டம் போடுபவர்கள் விலைக்கு எடுப்பார்கள். இயந்திர வாடகையில் ஒரு பங்காவது தேறும்.

எடுத்த இடத்தில் முதல் ஆண்டு விற்பதற்காக எதையும் விதைக்க வேண்டாம். ஏக்கருக்கு இருபது கிலோ அளவில் தானியம், பயறு, எண்ணெய் வித்து, தக்கைப்பூண்டு, சணப்பு என்று கலந்து தூவி, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். மண்ணுக்கு அதுதான் உரம். உவர் மண்ணில் தக்கைப்பூண்டின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். பூத்து நிற்கும் பயிரை உழும்போது வயிறு எரியும். பெரியவரும் திட்டுவார். இயற்கை விவசாயச் சான்றிதழ் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் குழுவாகவே வாங்கும் முறை இருக்கிறது.

வீட்டுக்கு இந்த ஆண்டு ஒழுகும் ஓடுகளை மாற்றி, கரையான் தின்ற பனஞ்சட்டங்களை எடுத்துவிட்டு, ஒரு கழிவறை கட்டினால் போதும். முற்றம் காத்திருக்கும். ஒன்பது லட்சத்தில் மூன்றைத் தனியே போட்டு, இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அறுவடை முடியும்வரை வேலையை விட வேண்டாம்.

இந்த ஐப்பசியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டில் தங்குங்கள். மழை பெய்யும்போது குடையோடு நிலத்தைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடிவிடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொசுவலை எடுத்துப் போக மறக்காதீர்கள்.