மீற்றரை நம்பி முறிகண்டி வரை

(வாகனக் கேள்வி பதில். பதில் எழுதுபவர் கிளிநொச்சியில் நெடுங்காலமாக வாகன மின் வேலை செய்பவர்.)

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியாவில் இருக்கிறேன். போன வருடம் 2014ஆம் ஆண்டில் செய்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றைக் கைமாறி வாங்கினேன். சென்ற மாதம் கிளிநொச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். முழுச் சார்ஜ். 98 கிலோமீற்றர் ஓடும் என்று மீற்றர் காட்டியது. தூரம் 75 அளவில்தானே என்று துணிந்துவிட்டேன். மாங்குளம் தாண்டியதும் எண் மளமளவென்று இறங்கியது. ஏசியை நிறுத்திவிட்டு எல்லோரும் வேர்த்து வடிந்ததுதான் மிச்சம். முறிகண்டியில், பற்றரி தீரப்போகிறது என்று காட்டும் ஆமைப் படம் எரிந்தது, 155ஆம் மைல் கட்டைக்குக் கிட்ட கார் நின்றேவிட்டது. உழவு இயந்திரத்தில் வந்த தம்பி ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் மகள் வீட்டில் விட்டார். மீற்றர் பொய் சொன்னதா? இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்கிறார் மனைவி.

பதில்: வணக்கம் சேர். முதலில் அந்தக் கயிற்றுக் கதையை முடிப்போம். லீஃப் முன்சக்கரத்தில் ஓடும் கார். முன்சக்கரம் நிலத்தில் உருண்டால் அதோடு பிணைந்த மோட்டரும் சுற்றும், சுற்றினால் மின் பிறக்கும். அந்த மின் போகக்கூடாத இடத்துக்குப் போனால் செலவு இலட்சக் கணக்கில் வரும். முன்சக்கரம் இரண்டையும் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும். நீங்கள் போனது சில கிலோமீற்றர், அதுவும் உழவு இயந்திர வேகத்தில். கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறதென்றால் பிழைத்தீர்கள். தம்பிக்கு நல்ல மனம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "இழுத்தால் பற்றரி சார்ஜ் ஏறும், இன்னும் கொஞ்சம் இழுப்போம்" என்று தெருவில் யாராவது சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

மீற்றர் பொய் சொல்லவில்லை. அது சொன்னது நேற்றைய கதை. நீங்கள் வவுனியா ரவுணுக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் முப்பது நாற்பதில் ஓடியிருப்பீர்கள். இதே மாதிரி ஓடினால் 98 போகலாம் என்று அது கணக்குப் போட்டது. ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் நேர் வீதி, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, கால் தானாக அழுந்தும். காற்று காரைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. என்னிடமும் ஒரு பழைய லீஃப் இருக்கிறது. 80இல் ஓடினால் ஒரு யூனிட் கரண்டுக்கு 6 கிலோமீற்றர் கூடக் கிடைப்பது சிரமம். 55இல் பிடித்தால் 8 வரை போகிறது. ஏசி தின்பது இதோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே அடுத்த முறை வேகத்தைக் குறையுங்கள், ஏசியைப் போடுங்கள். உங்கள் வீட்டு அக்காவும் காரில் ஏறுவார். நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான் உச்சம் என்பதையும் பஸ்காரர் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

பற்றரி விடயத்துக்கு வருகிறேன். மீற்றரின் வலது ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சின்னக் கோடுகள் இருக்கும், கீழே இரண்டு சிவப்பு. எண்ணிப் பாருங்கள். புதுக் காரில் 12. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டவில்லை, பற்றரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைக் காட்டுகிறது. இந்தக் காரின் பற்றரிக்குத் தண்ணீரால் குளிரவைக்கும் ஏற்பாடு கிடையாது. வன்னி வெயிலில் பத்து வருடம் கிடந்தால் 8 கோடு, 9 கோடு என்று வந்துவிடும். 24 யூனிட் பிடித்த பற்றரி 15 சொச்சம்தான் பிடிக்கும். அதை ஆறால் பெருக்கிப் பாருங்கள். முழுதையும் கார் எடுக்கவும் விடாது. உங்கள் கார் நின்ற இடம் சரியாக வரும்.

யுத்த காலத்தில் எங்களுக்குப் பற்றரி என்றாலே தடைசெய்யப்பட்ட பொருள். ரோச் லைற் பற்றரிக்கும் வழியில்லை, ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். பெற்றோலும் வராது. பழைய ஒஸ்ரின் ஏ40 காருக்கு காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்சின் ஆறிவிட்டால் திரும்பவும் ஒரு மூடி வேண்டும். அதனால் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினாலும் எஞ்சினை நிறுத்துவதில்லை. எந்தக் காருக்கும் அதன் குணம் தெரிந்து ஓடினோம். லீஃபுக்கும் அதுதான் வேண்டும்.

நானும் நடுவழியில் நின்றவன்தான். முல்லைத்தீவில் ஒரு வேலை முடித்து, புதுக்குடியிருப்பு வழியாகத் திரும்பும்போது விசுவமடுவில் மீற்றரில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. ஆமை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. வெளியே விளக்கு எரிந்த ஒரு வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கார் கரண்டில் ஓடும் என்பதே சிரிப்பு. வயரைக் கொழுவினேன், சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி அடம்பிடித்தது. எர்த் பிழை. கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி எர்த் கம்பியடியில் ஊற்றினேன், பச்சை வந்தது. அரை மணித்தியாலம் போனது. "தம்பி, கச்சானுக்குத் தண்ணி விட மோட்டர் போட வேணும், உங்கட கார் எப்ப குடிச்சு முடிக்கும்?" என்றார். மோட்டர் போட்டதும் வோல்ற்றேஜ் விழுந்து சார்ஜர் நின்றது. கச்சானுக்குத்தான் முதலிடம். நான் திண்ணையில் இருந்தேன். பிறகு இரண்டு மணித்தியாலம் போட்டதில் 25 கிலோமீற்றர் அளவுக்கு ஏறியது, வீடு வந்து சேர்ந்தேன். ஐந்து யூனிட்டுக்கும் குறைவு. காசு நீட்டினேன், வாங்கவில்லை. அடுத்த முறை போனபோது அவரின் மோட்டர் ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே சேர், காரில் எப்போதும் வீட்டுச் சார்ஜர் வயர் இருக்கட்டும். நீட்டு வயர் கொண்டுபோவதென்றால் தடித்ததாக இருக்க வேண்டும், சுருளை முழுதாக அவிழ்த்துப் போட வேண்டும். சுருட்டியபடி போட்டால் சூடேறி உருகும். ஆமை வந்தால் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று பந்தயம் கட்ட வேண்டாம். வீதியை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள். இரவில் ரிப்பர் லொறிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஓட்டத்துக்கான பற்றரி தீர்ந்தாலும் அபாய விளக்கு சின்னப் பற்றரியில் எரியும், ஆனால் விடியும்வரை அல்ல. மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் அவசரத்துக்கும் ஒதுங்கப் போக வேண்டாம்.

உங்கள் பயணத்துக்கு என் யோசனை: மாங்குளத்தில் தெரிந்த கடை ஒன்றில் சொல்லி வைத்து ஒன்றரை மணித்தியாலம் போடுங்கள். மத்தியானச் சாப்பாடும் முடிந்துவிடும்.

கேள்வி: வீட்டுக் கூரையில் சோலர் போட்டிருக்கிறோம். கரண்ட் போனாலும் பகலில் மின்சாரக் கார் சார்ஜ் பண்ணலாம்தானே? - வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உங்களுடையது மின்சார சபைக் கம்பியோடு இணைத்தது என்றால் முடியாது தங்கச்சி. கம்பியில் கரண்ட் போனதும் இன்வேற்றரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிரோடு இறங்க வேண்டுமே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். நல்ல வெயில் நாள், கூரை நிறையச் சோலர், உள்ளே மின்விசிறி சுற்றவில்லை. சேமிப்புப் பற்றரியோடு சேர்ந்த இன்வேற்றர் என்றால் கதை வேறு, விலையும் வேறு.

கேள்வி: மாங்குளத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். வேகச் சார்ஜர் போட்டால் ஓடுமா?

பதில்: மேலே சேருக்குச் சொன்ன யோசனையைப் பார்த்தீர்களா? வேகச் சார்ஜருக்கு இப்போது காசு போடாதீர்கள் அண்ணை. பழைய லீஃபின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ என்ற வகை, இப்போது இறங்கும் பிவைடி போன்ற கார்களின் வாய் சிசிஎஸ்2 என்ற வகை. ஒன்றின் பிளக் மற்றதுக்குப் பொருந்தாது. சாதாரண சார்ஜரிலும் பெரிது தேவையில்லை, பழைய லீஃப் பெரும்பாலும் 3.3 கிலோவாற்றுக்கு மேல் இழுக்காது. உங்கள் கடை இணைப்பு 30 அம்பியர் என்றால் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் போக மிச்சமும் அதிகம் இல்லை. பிரதான பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த வயர், 15 அம்பியர் பிளக் ஒன்று, தனி ட்ரிப் ஸ்விட்ச், ஒழுங்கான எர்த். அதோடு ஓடிய யூனிட்டைக் காட்டும் சின்ன மீற்றர். இல்லாவிட்டால் காசு விடயத்தில் பேச்சு வரும். காரை வேம்பின் நிழலில் நிறுத்த இடம் விடுங்கள், அந்தப் பற்றரிக்கு வெயில் ஆகாது. வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். எர்த் கம்பியை மட்டும் மழை ஈரத்தில் அடிக்க வேண்டாம், நல்ல கோடையில் அளந்து பார்த்து அடிப்போம்.