ஒரே பங்கில் பட்டர்ஃப்ளை: அந்த 8 ஏன் மலிவாகத் தெரிகிறது?

கேள்வி: இரண்டு மாதமாக ஒரு பங்கைக் கவனித்து வருகிறேன். 985-க்கும் 1015-க்கும் இடையிலேயே நிற்கிறது. எக்ஸ்பைரிக்கு (ஆப்ஷன் காலாவதியாகும் நாளுக்கு) ஒரு மாதம் இருக்கிறது. 960 கால் ஆப்ஷன் (பங்கை 960-க்கு வாங்கும் உரிமை) ஒன்று 53-க்கு வாங்கி, 1000 கால் இரண்டை 29 வீதம் விற்று, 1040 கால் ஒன்று 13-க்கு வாங்கினால், அதாவது பட்டர்ஃப்ளை கட்டினால், பங்கு ஒன்றுக்கு நிகரச் செலவு 8 தான் ஆகிறது. அதிகபட்ச லாபம் 32. ஒரு லாட் 500 பங்கு. கையில் 1,00,000 இருக்கிறது. 10 லாட் போட்டால் போனால் 40,000, வந்தால் 1,60,000. மூன்று வாரத்தில் காலாண்டு முடிவுகள் வருகின்றன, அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் எக்ஸ்பைரி. கடைசி நாள் வரை வைத்திருக்கலாம் என்று இருக்கிறேன். இதில் நான் கவனிக்காத ஆபத்து ஏதாவது இருக்கிறதா?

பதில்: உங்கள் கணக்கில் தவறு இல்லை. பங்கு 1000-ல் முடிந்தால் 32 லாபம், 968-க்கும் 1032-க்கும் இடையே முடிந்தால் ஏதாவது ஒரு லாபம், 960-க்குக் கீழோ 1040-க்கு மேலோ போனால் 8-ம் போகும். எல்லாம் சரி. ஆனால் எழுதும்போதே நீங்கள் தொட்டுவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

பங்கு இரண்டு மாதமாக 1000-லிருந்து 15 புள்ளிகூட நகரவில்லை. ஆனால் 1000 கால் 29-க்கு விற்கிறது. அந்த விலைக்குள் இருக்கும் இம்ப்ளைடு வொலட்டிலிட்டி (பங்கு எவ்வளவு அசையும் என்று சந்தை வைக்கும் கணிப்பு) ஆண்டுக்கு ஏறத்தாழ 25 சதவீதம். ஒரு மாதத்துக்கு அதை மாற்றினால் (12-ன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்) சுமார் 7.2 சதவீதம், அதாவது 72 புள்ளி. 15 புள்ளி அசைந்த பங்குக்குச் சந்தை ஏன் 72 புள்ளி அசைவைக் கணக்கில் வைக்கிறது? காலாண்டு முடிவுகள்தான் காரணம். அன்று காலை பங்கு இடைவெளி விட்டுத் திறக்கலாம் என்பது ஆப்ஷன் விலையில் ஏற்கனவே ஏறிவிட்டது. நீங்கள் பார்த்த அமைதி கடந்த இரண்டு மாதத்தினுடையது, ஆப்ஷனின் விலை வரப்போகும் ஒரு மாதத்தினுடையது.

இதே பட்டர்ஃப்ளையை முடிவுகள் வெளியான பிறகு, எக்ஸ்பைரிக்கு ஐந்து வர்த்தக நாள் இருக்கும்போது, பங்கு 1000-ல் நிற்கையில் வாங்கப் போனால் 8-க்குக் கிடைக்காது. வொலட்டிலிட்டி 18 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதன் விலை 20-ஐத் தாண்டும். இன்று அது மலிவாகத் தெரிவதற்குக் காரணம், பங்கு 1000-லேயே நிற்கும் என்பதைச் சந்தை பெரிதாக நம்பவில்லை என்பதுதான்.

அந்த நம்பிக்கை எவ்வளவு என்பதை பட்டர்ஃப்ளையின் விலையிலிருந்தே எடுக்கலாம். பிரீடன், லிட்சன்பெர்கர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1978-ல் காட்டிய வழி இது. சிறகின் அகலம், அதாவது நடுவில் உள்ள 1000-க்கும் ஓரத்து 960, 1040-க்கும் உள்ள தூரம், 40. அதை அதனாலேயே பெருக்கினால் 1600. உங்கள் செலவான 8-ஐ 1600-ஆல் வகுத்தால் 0.005. அதாவது 1000-ஐச் சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சந்தை தரும் வாய்ப்பு அரை சதவீதம். 995-க்கும் 1005-க்கும் இடையில் முடிய சுமார் 5 சதவீதம். நீங்கள் எழுதிய 1,60,000 இந்த 5 சதவீதத்தின் நடுவில் இருக்கிறது.

அதே 72 புள்ளிக் கணக்கை நீட்டினால், லாபத்தில் முடிய ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு. போட்ட பணம் மொத்தமும் போவதற்கு 58 சதவீதம். தொடர்ந்து மூன்று முறை முழுதும் போவதற்கே ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இவை சந்தை விலையில் பொதிந்த கணிப்புகள், அப்படியே நடந்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் அதைவிட நன்றாக உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். “இரண்டு மாதமாக அசையவில்லை” என்பது போதாது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற விஷயம். “இந்த முறை முடிவுகள் எதிர்பார்த்தபடியே இருக்கும், பங்கு துள்ளாது” என்று அந்த நிறுவனத்தைப் படித்துச் சொல்ல முடிந்தால் அது காரணம்.

அடுத்து, நீங்கள் எழுதிய 8. அது திரையில் கடைசியாக வியாபாரமான விலைகளை வைத்துப் போட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பட்டர்ஃப்ளைக்கு நான்கு ஆப்ஷன்கள் கை மாறுகின்றன. வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடையே 1 புள்ளி வித்தியாசம் என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் அரைப் புள்ளி இழப்பீர்கள். உள்ளே போக 2, வெளியே வர 2. ஆக 8 என்பது உண்மையில் 10, தரகுக் கட்டணமும் வரியும் தனி. குறியீட்டு ஆப்ஷன்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் குறுகலாக இருக்கும். தனிப் பங்குகளில், அதுவும் நடு ஸ்ட்ரைக்கிலிருந்து (ஆப்ஷனில் குறித்த விலை, இங்கே 1000) விலகிப் போகப் போக, 1 புள்ளி என்பது தாராள மனதோடு போட்ட கணக்கு. நான்கையும் சேர்த்து ஒரே லிமிட் ஆர்டராக (இந்த விலைக்கு மேல் தர மாட்டேன் என்ற ஆர்டர்) போட உங்கள் புரோக்கர் அனுமதித்தால் அப்படியே போடுங்கள். 8.50-க்குள் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம், “கடைசி நாள் வரை வைத்திருக்கலாம்” என்பது. தனிப் பங்கு ஆப்ஷன்கள் பல சந்தைகளில் பங்கைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்படுகின்றன. பங்கு 1020-ல் முடிகிறது என்று வையுங்கள். உங்கள் 960 கால் உங்களுக்கு ஒரு லாட் பங்கை வாங்கித் தரும். விற்ற 1000 கால் இரண்டும் உங்களிடம் இரண்டு லாட் கேட்கும். 1040 கால் ஒன்றுமில்லாமல் போகும். ஆக, கையில் இல்லாத ஒரு லாட்டை நீங்கள் கொடுத்தாக வேண்டும். 980-ல் முடிந்தால் இதற்கு நேர்மாறு: 960 வீதம் 500 பங்கை முழுப் பணம் கொடுத்து எடுக்க வேண்டும். ஒரு லாட்டுக்கு 4,80,000. 10 லாட்டுக்கு 48,00,000. உங்கள் கையில் இருப்பது 1,00,000.

960-க்குக் கீழோ 1040-க்கு மேலோ முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். நீங்கள் லாபம் பார்க்கும் பகுதியில்தான் டெலிவரி பொறுப்பு வந்து நிற்கிறது. சரியாக 1000-ஐ ஒட்டி முடிந்தால் இன்னும் மோசம். விற்ற இரண்டில் எத்தனை உங்கள் தலையில் விழும் என்று சந்தை மூடிய பிறகும் தெரியாமல் போகலாம். அடுத்த வர்த்தக நாள் பங்கு எங்கே திறக்கிறதோ அதற்கு நீங்கள் பொறுப்பு. 8 தான் அதிகபட்ச நஷ்டம் என்ற உத்தரவாதம் அந்த நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் சந்தையில் பணமாகத் தீர்க்கும் முறை இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது. முதலில் ஒப்பந்த விதியைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்பைரிக்கு முன்பே உரிமையைப் பயன்படுத்தக்கூடிய அமெரிக்க பாணி ஆப்ஷன் என்றால் டிவிடெண்ட் தேதியையும் பாருங்கள். பங்கு 1000-க்கு மேலே ஏறி, கால் ஆப்ஷனின் மீதிக் கால மதிப்பைவிட டிவிடெண்ட் பெரிதாக இருந்தால், எதிர்த் தரப்பு தகுதி நாளுக்கு முன்பே அந்தக் கால் ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கைக் கேட்கும். பங்கோடு சேர்த்து அந்த டிவிடெண்டையும் நீங்கள் கொடுக்க வேண்டிவரும்.

சரி, கடைசி நாள் வரை இருக்கக் கூடாது என்றால் எப்போது வெளியேறுவது? பட்டர்ஃப்ளை மெதுவாகத்தான் பழுக்கும். பங்கு 1000-லேயே நின்று, வொலட்டிலிட்டியும் மாறாமல் இருந்தால், இரண்டு வாரம் கழித்தும் அதன் மதிப்பு 12 தான். எக்ஸ்பைரிக்கு இரண்டு வர்த்தக நாள் இருக்கும்போது சுமார் 23. கடைசி 17 புள்ளி அந்த இரண்டு நாளில் இருக்கிறது, மேலே சொன்ன ஆபத்து அத்தனையும் அதே இரண்டு நாளில்தான் இருக்கிறது. அதனால் கணக்கில் தெரியும் 32-ஐ மறந்துவிடுங்கள். 8-க்கு வாங்கியது 16, 18 ஆனால் எடுத்துக்கொள்வதே உங்களைப் போன்றவருக்கு நடைமுறையில் கிடைக்கும் நல்ல முடிவு.

வெளியேறும்போது விற்ற 1000 கால்களை முதலில் திரும்ப வாங்குங்கள், அப்புறம்தான் சிறகுகளை (960, 1040 கால்களை) விற்க வேண்டும். பங்கு கீழே வந்ததும் “1040 கால் எப்படியும் வீண், 2 கிடைக்கிறதே” என்று அதை மட்டும் விற்றுவிடுகிறார்கள். இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை விற்ற மறுநொடி மேல் பக்கம் உங்கள் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. மார்ஜினும் (புரோக்கர் கேட்கும் பிணைத் தொகை) ஒரேயடியாக எகிறும்.

புட் ஆப்ஷன்களில் (பங்கை விற்கும் உரிமை) இதையே கட்டலாமா, கால், புட் இரண்டையும் கலந்து அயர்ன் பட்டர்ஃப்ளையாகப் போடலாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். ஒரே ஸ்ட்ரைக்குகள் என்றால் லாப நஷ்டப் படம் ஏறத்தாழ ஒன்றேதான். எதில் விலை இடைவெளி குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவே.

10 லாட் வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன். 58 சதவீதம் முழுதும் போகக்கூடிய ஒன்றில் சேமிப்பின் நாற்பது சதவீதத்தை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு லாட் என்றால் 4,000, செலவெல்லாம் சேர்த்து 5,000. அதுவே உங்கள் பணத்தில் 5 சதவீதம். முடிவுகள் நாளுக்குப் பங்கு அடங்கியே இருக்கும் என்று சொல்ல உங்களிடம் காரணம் இருந்தால், அந்த ஒரு லாட்டைப் போட்டு, எக்ஸ்பைரிக்குக் குறைந்தது மூன்று வர்த்தக நாள் முன்பே முடித்துவிடுங்கள். காரணம் இல்லையென்றால் இந்த முறை காகிதத்தில் மட்டும் எழுதி வையுங்கள். முடிவுகள் வந்த மறுநாள் காலை அந்த நான்கு ஆப்ஷன்களின் விலையையும் குறித்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.