சோறு இல்லாத கம்போ: கேள்வி பதில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் கேஜுன் மக்களின் சமையலில் கார்ப் (கார்போஹைட்ரேட்) குறைப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி கம்போவைப் பற்றித்தான். அதனால் இன்று பெரும்பாலும் அதுவே. புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: மாவை எண்ணெயில் காப்பி நிறம் வரும்வரை வறுத்து (இதற்கு ‘ரூ’ என்று பெயர்), அதில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் வதக்கி, கோழியும் ஆண்டூயி என்கிற புகையூட்டிய பன்றி சாசேஜும் சேர்த்து, எலும்புச் சாற்றில் நிதானமாகக் கொதிக்கவிடும் குழம்பு. சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

கேள்வி: அக்கா, கம்போவில் மாவும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. எதை முதலில் விடுவது? எல்லோரும் ரூவைத்தான் திட்டுகிறார்கள்.

திட்ட வேண்டியது சோற்றை. கணக்கைப் பாருங்கள். எட்டுப் பேருக்கான கம்போவுக்கு வழக்கமாக 1 கப் மைதா, 1 கப் எண்ணெய். 1 கப் மைதாவில் ஏறக்குறைய 95 கிராம் கார்ப். எட்டாகப் பிரித்தால் தலைக்கு 12 கிராம். கிண்ணத்தில் போடும் 1 கப் வெள்ளைச் சோற்றில் மட்டும் 45 கிராம். அதோடு பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் வைத்துக்கொள்வதும் அந்த ஊர் வழக்கம். சிலர் அதைக் கம்போவுக்குள்ளேயே போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். சோறும் உருளையும் போனாலே பெரிய பாரம் இறங்கிவிடும்.

அப்புறம் ரூவைக் கால் கப் மைதாவாகக் குறையுங்கள். தலைக்கு 3 கிராம்தான் வரும். மூன்று காய்களில் வெங்காயத்தில்தான் கார்ப் அதிகம்: 100 கிராமுக்கு, நார்ச்சத்து கழித்து, ஏழரை கிராம் போல. குடைமிளகாயில் 3, செலரியில் ஒன்றரை. அதனால் வெங்காயம் ஒன்றோடு நிறுத்திவிட்டு, செலரியையும் குடைமிளகாயையும் தாராளமாகப் போடுங்கள். கால் கிலோ வெண்டைக்காயும் சேர்த்தால்கூட ஒரு கிண்ணம் 7 கிராமுக்குள் அடங்கும். சாசேஜில் சர்க்கரை இருந்தால் அது தனி.

கேள்வி: கால் கப் மாவில் எட்டுப் பேருக்குக் குழம்பு கெட்டியாகுமா?

ஆகாது. ஆனால் ஒரு கப் போட்டாலும் கேஜுன் கம்போ ஒன்றும் கூழ் மாதிரி இருக்காது. மாவை வறுக்க வறுக்க அதிலுள்ள மாவுச்சத்து உடைந்துபோகிறது; நிறமும் மணமும் ஏற ஏற, கெட்டியாக்கும் சக்தி இறங்குகிறது. வெள்ளை சாஸுக்கு லேசாக வறுத்த மாவு செய்கிற வேலையில் பாதிகூட சாக்லேட் நிற ரூ செய்யாது. கம்போவில் அதைப் போடுவதே முக்கியமாக ருசிக்குத்தான். ஆகவே அளவைக் குறைத்துவிட்டு, வறுவலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கெட்டிக்கு வெண்டைக்காயும் ஃபிலே பொடியும் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். எலும்புச் சாற்றையும் இரண்டு லிட்டருக்குப் பதில் ஒன்றரை, ஒன்றே முக்கால் லிட்டராக வையுங்கள்.

கேள்வி: கொஞ்சமாக ரூ வைத்தால் எனக்குக் கருகிவிடுகிறது. பெரிய இரும்புச் சட்டியில்தான் செய்கிறேன்.

கோளாறு அந்தப் பெரிய சட்டியில்தான். கால் கப் மாவு அதில் மெல்லிய படலமாகப் பரவி, ஒரு ஓரம் வெள்ளையாக இருக்கும்போதே மறு ஓரம் கருகிவிடும். சின்ன, அடி கனமான வாணலியில் ரூவைத் தனியாக வறுத்துப் பெரிய சட்டிக்கு மாற்றுங்கள். கால் கப் எண்ணெய் சூடானதும் மாவைத் தூவி, தட்டையான நுனியுள்ள மரக்கரண்டியால் அடியையும் மூலையையும் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதமான தீயில் அரை மணி நேரம் பிடிக்கும். ஃபோனைத் தூர வைத்துவிடுங்கள்.

கண்ணைவிட மூக்கு நன்றாகச் சொல்லும். முதலில் பச்சை மாவு வாசனை போகும், பிறகு சோளப்பொரி வாசம், அதற்கப்புறம் வறுத்த வேர்க்கடலை. அதையும் தாண்டி, காப்பிக்கொட்டை வறுபடும் இடத்து மணம் வரும்போது நிறமும் சாக்லேட்டுக்கு வந்திருக்கும். அந்த நொடியில் நறுக்கிய மூன்று காய்களையும் மொத்தமாகக் கொட்டுங்கள். சடசடவென்று ஆவி எழும்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காயின் ஈரம் ரூவின் சூட்டை இறக்கிவிடும், அதற்குமேல் கருகாது. ரூ ஒரு சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும்; அங்கே சமையல்காரர்கள் அதற்கு ‘கேஜுன் நேபாம்’ (நேபாம் என்பது உடலில் ஒட்டி எரியும் போர்க்குண்டுப் பொருள்) என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. குழந்தைகள் அடுப்பருகே வேண்டாம்.

கறுப்புப் புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது.

கேள்வி: பாதாம் மாவிலோ கடலை மாவிலோ ரூ செய்யலாமா? எண்ணெயே இல்லாமல் ஓவனில் மாவை வறுப்பது லோ-கார்ப் என்கிறார்களே?

மூன்றுக்கும் தனித்தனி பதில். பாதாம் மாவில் மாவுச்சத்து பெயருக்குத்தான். கொழுப்பும் புரதமும்தான் அதிகம். சீக்கிரம் கருகும், கெட்டியாக்காது, குழம்பில் மணல் மணலாக நிற்கும். வேண்டாம். கடலை மாவு மைதா அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் 100 கிராமில் 45 கிராமுக்கு மேல் கார்ப் இருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பயன்படுத்தலாம். எனக்கு அதில் பஜ்ஜி வாசனைதான் வருகிறது. ஓவனில் வறுக்கும் ‘உலர் ரூ’வில் குறைவது எண்ணெய். மாவு அதே மாவு, கார்ப்பும் அதே கார்ப். கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கான வழி அது, உங்களுக்கு இல்லை. கடையில் பாட்டிலில் விற்கும் ரூவும் அப்படித்தான். நேரம் மிச்சம், கார்ப் மிச்சமில்லை.

கேள்வி: நான் ஒரு நாளுக்கு 20 கிராமுக்குள் இருக்கிறேன். மாவே வேண்டாம். அப்போதும் கம்போ ஆகுமா?

ஆகும். ரூ போடாமல், வெண்டைக்காயை மட்டும் நம்பி வைக்கும் கம்போ லூசியானாவில் பழைய சங்கதி. ரூவின் வறுத்த ருசிக்கு ஈடாக வேறு எதையாவது வறுக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே இறைச்சியிலிருந்து தொடங்குங்கள். சாசேஜை வட்டமாக நறுக்கி, கனமான சட்டியில் கொழுப்பு இறங்கி இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்கும்வரை வறுத்து எடுங்கள். அதே கொழுப்பில் தோலோடு கூடிய கோழித் தொடைகளைத் தோல் பக்கம் கீழாக வைத்து, பத்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். கோழியை எடுத்த பிறகு அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பற்று இருக்கிறதே, அதுதான் உங்கள் ரூ. காயைப் போட்டதும் அதன் ஈரத்தில் அந்தப் பற்று இளகும். மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வதக்குங்கள். ரூ போட்ட கம்போவின் காப்பி மணம் இதில் கிடைக்காது. ஆனால் புகையும் இறைச்சியுமாக நல்ல குழம்பு.

குழம்பைக் கெட்டியாக்கும் ஸாந்தன் கம் பொடி பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும். நேராகத் தூவினால் கட்டி தட்டும். ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து ஊற்றுங்கள். வெண்டைக்காய் போட்டிருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள், வழவழப்பின் மேல் வழவழப்பு.

கேள்வி: வெண்டைக்காய், ஃபிலே இரண்டையும் சேர்த்துப் போடலாமா? இரண்டுமே கொழகொழவென்று ஆகிவிட்டது எனக்கு.

ஃபிலே என்பது சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த பொடி. லூசியானாவுக்கு அதைக் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டா மக்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. வெண்டைக்காய் காய்க்கும் கோடையில் வெண்டைக்காய், குளிர்காலத்தில் ஃபிலே என்பதுதான் பழைய முறை. இரண்டில் ஒன்று போதும்.

வெண்டைக்காயை எப்படி வதக்குவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுவித் துடைத்து, நறுக்கி, அகலமான வாணலியில் நூல் விடுவது நிற்கும்வரை வதக்கி, பிறகே குழம்பில் சேருங்கள். நடுவில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் சீக்கிரம் அடங்கும். ஃபிலேயில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: அதைக் கொதிக்கவிடக் கூடாது. கொதித்தால் நூல் நூலாக இழுக்கும். அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். இன்னும் நல்லது, சாப்பிடும்போது அவரவர் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி. மிச்சத்தை மறுநாள் தைரியமாகச் சுடவைக்கலாம்.

சாசஃப்ராஸ் தடை செய்யப்பட்டது அல்லவா என்று ஒருவர் பயந்திருந்தார். 1960-இல் அமெரிக்காவில் உணவில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது சாஃப்ரோல் என்ற பொருளை. வேரிலும் வேர்ப்பட்டை எண்ணெயிலும் இருப்பது. இலையில் அது மிகமிகக் குறைவு. ஃபிலே இன்றும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

கேள்வி: காலிஃபிளவர் சாதம் போட்டேன், கம்போ தண்ணீராகிவிட்டது.

மூடி போட்டு வேகவைத்திருப்பீர்கள். துருவியதும் துணியில் பிழியுங்கள். அகலமான வாணலி, பெரிய தீ, மூடி கிடையாது, உப்பு கடைசியில். ஐந்தாறு நிமிடத்தில் ஆவி அடங்கி ஓரங்கள் லேசாகச் சிவக்கும், அப்போது இறக்குங்கள். உறைந்த பாக்கெட் என்றால் இளகவிடாமல் நேராகச் சூடான வாணலியில் கொட்டுங்கள். குழம்புச் சட்டியில் கலக்காமல், சாப்பிடும்போது கிண்ணத்தில் போடுங்கள். ஒரு கைப்பிடி தாராளம், 150 கிராமுக்கு நாலரை கிராம் கார்ப்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் காலிஃபிளவரைவிட முட்டை பிடிக்கும். கேஜுன் வீடுகளில் கொதிக்கும் கம்போவில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பதுண்டு. அவித்த முட்டையை முழுசாகப் போடுபவர்களும் உண்டு. குழம்பில் ஊறிய மஞ்சள் கரு சோறு இல்லாத குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். கார்ப் அரை கிராம்.

கேள்வி: பன்றி சாப்பிட மாட்டோம். என்ன சாசேஜ் வாங்கலாம்?

வான்கோழி, மாடு, கோழி எதிலும் புகையூட்டிய சாசேஜ் கிடைக்கும். கொழுப்பு குறைவு என்பதால் வறுக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் கூட்டிக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் பின்பக்கம் படியுங்கள்: கார்ன் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், சோளமாவு என்று ஏதாவது ஒளிந்திருக்கும். கடைகளில் விற்கும் கேஜுன் மசாலாக்களில் சர்க்கரையைவிட உப்புதான் பிரச்சினை. பலவற்றில் முதல் பொருளே உப்பு. காயென் மிளகாய்த்தூள், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, பூண்டுப்பொடி, பாப்ரிகா, உலர்ந்த தைம் கலந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் சைவம், அக்கா. எங்களுக்கு ஏதாவது?

நியூ ஆர்லியன்ஸில் புனித வியாழனன்று ‘கம்போ ஸெர்ப்’ என்று கீரைக் கம்போ வைப்பார்கள். கடுகுக்கீரை, காலர்ட், டர்னிப் கீரை, பசலை, முட்டைக்கோஸ் என்று கையில் கிடைத்த இலை எல்லாம் போகும். டூக்கி சேஸ் உணவகத்தின் லியா சேஸ் (1923–2019) இதற்குப் பேர்போனவர். பல வீடுகளில் இறைச்சியும் சேர்ப்பார்கள், ஆனால் இல்லாமலும் நிற்கக்கூடிய குழம்பு இது. கேஜுனைவிட, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கிரியோல் சமையலுக்கு நெருக்கம். கார்ப் கணக்குக்கு இதைவிடத் தோதானது கிடையாது. புகை ருசிக்குப் புகையூட்டிய பாப்ரிகா, இறைச்சிக்குப் பதில் நன்றாகச் சிவக்க வறுத்த காளான். கால் கப் ரூ மட்டும் அவசியம். எலும்புச் சாறு இல்லாத இடத்தில் அதுதான் தாங்கும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இதைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதலில் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமான சோற்றுக்குக் கணக்கிட்ட இன்சுலினைப் போட்டுவிட்டு, சோறே இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கக்கூடும். சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் சாசேஜின் உப்பையும் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: சோறு இல்லாமல் வைத்ததை லூசியானாவின் லாஃபயெட் ஊர் நண்பரிடம் காட்டினேன். “இது கம்போவே இல்லை” என்று சிரிக்கிறார். உண்மையா?

சிரிக்கட்டும், அவர் ஊரைச் சுற்றி நெல் வயல். பக்கத்திலிருக்கும் கிரௌலி ஊரில் அரிசிக்கென்றே திருவிழா நடக்கும். அங்கே நெல் விளைந்ததால் சோறு வந்தது, கம்போவின் இலக்கணத்தில் இருப்பதால் அல்ல. 1755-இல் ஆங்கிலேயர் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டியடித்த அக்காடியர்களின் வம்சம்தான் கேஜுன் மக்கள். சதுப்பும் புல்வெளியுமான ஒரு புது நிலத்தில் கிடைத்ததை வைத்துச் சமைத்தவர்கள். இன்றும் மாமூ போன்ற ஊர்களில் மார்டி கிரா (தவக்காலத்துக்கு முந்தைய நாள் கொண்டாட்டம்) அன்று முகமூடி போட்ட ஆட்கள் குதிரையில் வீடு வீடாகப் போய்க் கம்போவுக்குப் பொருள் யாசிப்பார்கள். வீட்டுக்காரர் உயிர்க்கோழியைப் பறக்கவிட, சேற்றில் விழுந்து புரண்டு பிடிப்பார்கள். கையில் வந்ததைச் சட்டியில் போடும் வழக்கம்தான் அது.

நானாக இருந்தால் சண்டை போடுவது தக்காளிக்கு. கேஜுன் கோழிக் கம்போவில் தக்காளி போட்டுவிட்டுச் சோறு இல்லாததற்கு வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: ஜம்பலாயாவும் (இறைச்சியும் காயும் சேர்த்த லூசியானா கலவைச் சோறு) இதே மாதிரி காலிஃபிளவரில் செய்யலாமா?

செய்யலாம், முறை வேறு. ஜம்பலாயாவில் அரிசி சாற்றிலேயே வெந்து அதைக் குடித்துவிடும். காலிஃபிளவர் குடிக்காது, தன் தண்ணீரையும் விடும். அதனால் எலும்புச் சாறு அரை கப் போதும். இறைச்சியையும் காயையும் அதில் சுண்டவைத்து, மசாலா ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகு, தனியே வறுத்த காலிஃபிளவரைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி இறக்குங்கள்.

கேள்வி: இறால் எப்போது போடுவது? மிச்சத்தை உறையவைக்கலாமா?

இறால் கடைசியில், சுருண்டு நிறம் மாற மூன்று நிமிடம் போதும். ஓட்டை எறியாமல் அரை மணி கொதிக்கவைத்து, அந்தச் சாற்றையும் குழம்பில் சேருங்கள். கோழிக் கம்போ மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும். குளிர்பெட்டியில் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடலாம். உறையவைத்தால் மூன்று மாதம் தாங்கும். இறால் போட்டதை மட்டும் உறையவைக்காதீர்கள், சுடவைக்கும்போது ரப்பராகிவிடும்.