முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கு எலும்புக்கான கால்சியம் எங்கிருந்து கிடைக்கிறது? மற்ற தாதுக்கள்?

கால்சியம் பெரும்பாலும் ஓட்டிலிருந்துதான். கோழி முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கும், பொரிந்து வரும் குஞ்சின் உடம்பிலோ 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், அப்படியானால் மிச்சமெல்லாம் ஓட்டைக் கரைத்து எடுத்ததுதான்.

முதல் 10 நாள் வரைக்கும் மஞ்சள் கருவில் இருப்பதே போதும். அப்புறம் எலும்பு இறுகத் தொடங்கும்போது அது பற்றாது. முட்டையை இருட்டில் டார்ச் மேல் வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒட்டிச் சிவப்பு ரத்தக்குழாய்கள் படர்ந்திருப்பது தெரியுமே, அந்தச் சவ்வுதான் இங்கே வேலை செய்கிறது. குஞ்சுக்கு மூச்சுக்காற்று வருவதும் அதன் வழியாகத்தான். அதிலுள்ள செல்கள் அமிலம் சுரந்து, ஓட்டின் உள்பக்கக் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கின்றன. ஓட்டை அகற்றிவிட்டுக் கருவை வளர்த்த சோதனைகளில் வளர்ச்சி குன்றி, எலும்பு சரியாக இறுகாமல் போனது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இப்படி உள்ளே அரிக்க அரிக்க ஓடு பலமிழந்து, 21ஆம் நாள் குஞ்சு அதை உடைத்து வருவதும் எளிதாகிவிடுகிறது.

மற்ற தாதுக்கள் அப்படி இல்லை. பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் எல்லாம் பெரும்பாலும் மஞ்சள் கருவில் தாய்க்கோழி வைத்தனுப்பியதுதான், தீர்ந்தால் வேறு வழியே கிடையாது. அதிலும் 17ஆம் நாள் வாக்கில், குஞ்சு வேகமாக எடை போடும் சமயத்தில், மஞ்சள் கருவில் இவற்றில் பலவும் கிட்டத்தட்ட காலியாகிவிடும். தாய்க்கோழிக்கு மாங்கனீசு குறைந்திருந்தால் குஞ்சுக்குக் கால் எலும்பு குட்டையாகி, அலகு கிளி மூக்கு போல வளைந்துவிடும். துத்தநாகம் ரொம்பக் குறைந்தால் கைகால் எலும்பே சரியாக உருவாகாது.

அதனால் கடைசி நாட்களில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகிறது, கால் கோணலாகப் பிறக்கிறது என்றால் இன்குபேட்டரின் சூட்டையும் ஈரப்பதத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், தாய்க்கோழியின் தீவனத்தையும் பாருங்கள். வைட்டமின் டி குறைந்த கோழியின் முட்டையில் ஓடு நிறையக் கால்சியம் இருந்தும் கருவால் அதை எடுக்க முடியாது. சரி, கிளிஞ்சலை அள்ளிப் போடலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு, கால்சியம் மிதமிஞ்சினால் துத்தநாகமும் மாங்கனீசும் குடலில் சேர்வது குறையும். முட்டையிடும் கோழிக்கான தாதுக்கலவையைச் சொன்ன அளவில், அடைக்கு முட்டை சேர்ப்பதற்குச் சில வாரம் முன்பிருந்தே கொடுங்கள்.