பொம்மைக்குப் பயப்படலாமா?

கேள்வி: அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையை வைத்து 2005இல் எடுத்த 'த கோல் ஒஃப் குதுலு' பார்த்தோம். 47 நிமிடம், கறுப்பு வெள்ளை, பேச்சே இல்லை. கடைசியில் வருகிற பூதம் பொம்மை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. பிறகும் ரசிகர்கள் ஏன் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? நாங்களும் எங்கள் ஊர் முனிக் கதையொன்றை எடுக்க நினைக்கிறோம். கையில் காசுதான் இல்லை.
(சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, 'பொம்மை' என்ற சொல்லை வசையாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம்.

சூரன் போர் பார்த்திருப்பீர்கள். வீதியில் வருகிற சூரன் மரத்தில் செய்தது. தோள்கொடுத்துத் தூக்குகிறவர்களின் வியர்வை தெரிகிறது, காவுதடி தெரிகிறது. சனத்தின் கண்முன்னாலேயே ஒரு தலையைக் கழற்றி மற்றதை மாட்டுகிறார்கள். எல்லாம் தெரிந்தும், சூரன் தங்கள் பக்கம் சரிந்தால் முன்னுக்கு நிற்கிறவர்கள் பின்வாங்குகிறார்கள். தகப்பனின் தோளிலிருக்கிற பிள்ளை முகத்தைப் பொத்திக்கொள்கிறது. காரணம் பாரம். தூக்குகிறவர்கள் ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் மற்றப் பக்கம் வீசுகிறார்கள். கனத்த உடம்பு அப்படித்தான் திரும்பும். பொம்மை என்று தெரிவதால் பயம் போகாது. பாரமில்லாமல் அசைந்தால் போய்விடும்.

இனிப் படம். அதை எடுத்தவர்களே லவ்கிராஃப்டின் ரசிகர்கள். அவர் பெயரில் சங்கம் வைத்திருப்பவர்கள். கதை 1926இல் எழுதப்பட்டு 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. அந்தக் காலத்திலேயே இதைப் படமாக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, அப்படியே எடுத்தார்கள். பேச்சுக்குப் பதிலாக எழுத்து அட்டை, கணினிப் பூதத்துக்குப் பதிலாகக் கையால் நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்த பொம்மை. கைச்செலவின் குறை அந்தக் காலத்துப் பாணிக்குள் அடங்கிவிட்டது. செத்துப்போன பெரியவரின் கடதாசிகளை ஒருவன் வாசிக்க வாசிக்க விரிகிற கதை அது. அந்த அடுக்கைக் குலைக்கவில்லை; காதலையும் பாட்டையும் இடையில் செருகவில்லை. கதையை நேசிக்கிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

உங்கள் முனிக்கு வருவோம். ஓரடி உயரம் போதும். எலும்புக்கு அலுமினியக் கம்பியை இரட்டையாய் முறுக்குங்கள். விறைத்த உருக்குக் கம்பி வேண்டாம், வளைத்த இடத்தில் நில்லாமல் துள்ளித் திரும்பும். அலுமினியம் சொன்னபடி நிற்கும், ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் முழங்காலில் முறியும். மாற்றுக் கால் இரண்டு செய்து வைத்திருங்கள். சதைக்குப் பஞ்சு மெத்தைத் துண்டும் துணியும். பிளாஸ்டிசின் களியில் செய்த பொம்மை விளக்குச் சூட்டில் தொய்யும், தொடுகிற இடமெல்லாம் விரல் பதியும். பாதத்தைப் பலகைக்குக் கீழிருந்து ஆணியால் முடுக்குங்கள்.

ஒரு செக்கனுக்கு 12 படம். ஐந்து செக்கன் நடைக்கு 60 படம். எல்லாவற்றையும் ஒரே அளவாக நகர்த்தினால் முனி தண்டவாளத்தில் போகிற பெட்டிபோல வழுக்கும். காலைத் தூக்குமுன் இரண்டு மூன்று படம் அசையாமல் வைத்து, தொடக்கத்தில் மயிரிழையாய், நடுவில் கூடுதலாய், முடிவில் மறுபடி மயிரிழையாய் நகர்த்துங்கள். சூரனைத் தூக்குகிறவர்கள் செய்வதும் இதுதான்.

கைத்தொலைபேசியில் வெளிச்சத்தையும் குவியத்தையும் நிறத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தானாக மாற்றி, முடிவில் காட்சி துடித்துக்கொண்டிருக்கும். யன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, இரவில் எடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் கிட்ட நின்றால் அந்த வெளிச்சம் பொம்மையில் விழும். கமராவைப் பொம்மையின் கணுக்கால் மட்டத்தில் வையுங்கள், ஓரடி முனி பனை உயரம் வரும்.

சத்தத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தாலும் விடப்போவதில்லை. திடீரென்று டமார் என்று அடிக்கிற இசை பயமல்ல, அதிர்ச்சி. அடுத்த நிமிடம் மறந்துவிடும். யாழ்ப்பாணத்துக்குப் பயம் காட்ட ஒரு காவோலை போதும். காற்றில் அது பனைமரத்தில் உரசி, நின்று, மறுபடி உரசுகிற சத்தத்தை விடியப்புறம் இரண்டு மணிக்குப் பதியுங்கள். அந்த நேரம் ஓட்டோவும் இராது, ஒலிபெருக்கியும் இராது. மைக்கைப் பஞ்சுத் துண்டால் மூடுங்கள். இல்லாவிட்டால் ஓலை கேளாது, காற்று மோதுகிற இரைச்சல்தான் கேட்கும்.

இன்னொன்று. முனி வாய் திறக்காமலிருந்தால் நல்லது. திறக்கத்தான் வேண்டுமென்றால் "யார்ரா நீ, இங்க ஏன்டா வந்தே" என்று சென்னைப் படத்துப் பேச்சைக் கொடுத்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதீர்கள். நூறு வருடமாக எங்கள் பனங்கூடலில் நிற்கிற முனி அது. "ஆரடா நீ? இந்த நேரத்தில இஞ்ச என்னத்துக்கு வந்தனி?" என்று, சத்தம் போடாமல், மெதுவாகக் கேட்கட்டும்.