ஏத்தம் ஏறும்போது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்களிடம் ஓ.எல். பரீட்சை வரை படித்த ஒரு பிள்ளை இந்த முறை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். தகப்பன் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை நறுக்கிவிடுகிற வேலை. தோட்டமே கொண்டாடியது. எனக்கு மட்டும் மனதுக்குள் ஒரு கேள்வி. படித்து முடித்து இவள் இங்கே திரும்பி வருவாளா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டாக்டர்மார் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இங்கே நியமனம் கிடைத்தவர்களும் மாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வருகிற சிங்கள டாக்டர்களுக்கு நம் சனத்தின் மேல் அக்கறை இல்லை. மலையகத்துக்கென்று ஒரு மருத்துவ பீடம் வந்தால் இதெல்லாம் தீரும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மகளுக்கு என் முத்தம். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கையால் ஒருவர் தன் பிள்ளையை அங்கே வரை கொண்டுபோயிருக்கிறார். அவரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வெளிநாடு போகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. சம்பளமும் மருந்தும் இல்லாத காலத்தில் போனவர்களைத் திட்டி ஒன்றும் ஆகாது. மாற்றம் வாங்குவதும் அப்படித்தான். உள்ளகப் பயிற்சி முடிந்ததும் தகுதி வரிசைப்படி இடம் எடுக்கிறார்கள். முன்னால் நிற்கிறவர் விரும்பிய ஊரை எடுத்துக்கொள்வார், பின்னால் நிற்கிறவருக்கு மிஞ்சியதுதான். மிஞ்சிய இடமாக வந்து சேர்ந்த ஊரில் மனம் எப்படி ஒட்டும்?

ஆனால் இரண்டு விஷயத்துக்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். மலையகத்துக்கு மருத்துவ பீடம் இல்லை என்று யார் சொன்னது? பேராதனை எங்கே இருக்கிறது? கண்டிக்குப் பக்கத்தில்தானே. 1962இலிருந்து அங்கே மருத்துவ பீடம் இருக்கிறது. நம் மலைகளில் பெய்கிற மழைதான் மகாவலியாகி அந்த வளாகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. கட்டடம் பக்கத்தில் இருந்தால் நோய் தீரும் என்றால் இந்த அறுபது வருஷத்தில் தீர்ந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வுப்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வளர்ச்சி குன்றியவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 வீதம். இன்னொரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால் இது மாறாது.

இரண்டாவது, 'சிங்கள டாக்டர்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதினீர்களே, அது அநியாயம். அதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். இது நான் பல வருஷமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிற விஷயம்.

என் அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போது நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று சொல்லத் தொடங்கினார். தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வாட்டில் படுக்க வைத்தார்கள். காலையில் பெரிய டாக்டர் வந்தார், அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என்ன செய்கிறது என்று கேட்கச் சொன்னதும் அம்மா சொன்னார். அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை:

"ஏத்தம் ஏறுறப்ப நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்குங்க. கூடைய எறக்கி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்தா விட்டுருது. மறுபடி ஏறுனா மறுபடி வருது. வாயுவோ என்னமோ தெரியல."

பக்கத்தில் நின்ற அட்டெண்டன் அதைச் சிங்களத்தில் சொன்னார். நெஞ்சுக்குள் வாயுவாம். அவ்வளவுதான். ஈசிஜி எடுத்தார்கள். ஆடாமல் அசையாமல் படுத்துக்கிடந்தபோது எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக அம்மாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனபின் அம்மா என்னைப் பார்த்து "என்ன சொன்னாங்க?" என்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. எனக்கும் தெரியவில்லை. வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருஷம் மலையில், கூடையோடு, மாரடைப்பு வந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏற்றம் ஏறவில்லை.

அம்மா சொன்னதைப் பிற்காலத்தில் ஒரு டாக்டர் நண்பரிடம் அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏறும்போது வரும், உட்கார்ந்தால் விட்டுவிடும், மறுபடி ஏறினால் மறுபடி வரும். இருதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கு மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடம் இதுதானாம். நோயாளி தன் வாயாலேயே அந்தப் பாடத்தை ஒப்புவித்திருக்கிறார். கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

அந்த மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டுத்தான் போனாள். அவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அம்மாவின் உடம்பில் கற்றுக்கொண்டார்கள், அம்மாவிடம் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு மஸ்கெலியாவில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன், மாத்தறைக்காரி, சிங்களவர். மேசையில் சின்னக் கொப்பி ஒன்று வைத்திருப்பார். "மேலெல்லாம் உளைச்சல்" என்று யாராவது சொன்னால் நோவுக்கும் உளைச்சலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். "கை ஓஞ்சு போகுது" என்றால் எந்தக் கை, எப்போது என்று கேட்பார். அதேபோல, தமிழ் டாக்டர் ஒருவர் நம் கிழவி சொன்ன 'ஓய்ச்சல்' புரியாமல் எரிந்து விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை இனக் கணக்காக்க வேண்டாம் தம்பி.

மருத்துவக் கல்வி இந்த நாட்டில் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1860களில் வன்னியில் உடம்பெல்லாம் புண் வருகிற பரங்கி நோயால் சனம் அழிந்துகொண்டிருந்தது. அதை ஆராயப் போன டாக்டர் லூஸ் என்பவர் அறிக்கை கொடுத்தார், உள்ளூரிலேயே வைத்தியர்களைப் பயிற்ற வேண்டும் என்று. அதன் பேரில்தான் 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது. ஒதுக்குப்புறத்து ஏழைச் சனத்தின் நோய்க்காகப் பிறந்தது அது. அதற்கும் முன்பே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்தார். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர். தமிழ் படித்தார், உடற்கூற்றையும் சத்திர சிகிச்சையையும் தமிழில் எழுத வைத்தார், தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரோடு இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. உங்கள் கேள்வியை அந்த மனிதர் அப்போதே கேட்டிருக்கிறார்!

இன்றைக்கு முழுப் படிப்பையும் தமிழில் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இறுதிப் பரீட்சையில் மாணவரை ஒரு நோயாளியிடம் விடுகிறார்கள். நோயாளியிடம் முழுக் கதையையும் கேட்டு, பரிசோதித்து, பரீட்சகர் முன்னால் சொல்ல வேண்டும். அந்தப் பரீட்சையை இரண்டு முறை வையுங்கள். ஒன்று தன் மொழி நோயாளியிடம், மற்றது மற்ற மொழி நோயாளியிடம். சிங்களப் பிள்ளை தமிழில் கேட்கட்டும், தமிழ்ப் பிள்ளை சிங்களத்தில் கேட்கட்டும். நடுவில் அட்டெண்டன் கூடாது, நோயாளியின் பதினான்கு வயது மகள் கூடாது. தேறாவிட்டால் பட்டம் இல்லை. இரண்டாம் மொழி வகுப்பு எத்தனை வைத்தாலும், பரீட்சையில் வராததை எந்த மாணவரும் படிக்கமாட்டார். நீங்கள் ஆசிரியர், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புள்ளி எங்கே கிடைக்குமோ பிள்ளை அங்கேதான் போகும். பீடத்துக்கு இதற்காகப் புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். பக்கத்து வாட்டில் நம் சனம் படுத்திருக்கிறது. மனம் இருந்தால் அடுத்த வருஷமே தொடங்கலாம். ஏன் தொடங்கவில்லை? நம் சனம் சொல்வதில் நோய்க்குத் துப்பு இருக்கும் என்று அவர்கள் நம்பவில்லை. இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும், படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று இருக்கிறார்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் மாணவி திரும்பி வருவாளா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. வர வேண்டும் என்று இப்போதே அவள் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். கூடை தூக்கியது அவள் பாட்டியோடு போகட்டும். எனக்கு இருக்கிற பயம் வேறு. அஞ்சு வருஷத்தில் அங்கே அவளுடைய லயத்துப் பேச்சை, தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற பேச்சை, அவளே வெட்கப்பட்டு விட்டுவிடுவாள். அப்புறம் வந்தாலும் அவளுக்கும் அட்டெண்டன் தேவைப்படும்.

வகுப்புத் தொடங்க இன்னும் நாள் இருக்கும். ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். இடுப்பு எப்படி நோகிறது, மூச்சு எப்போது வாங்குகிறது, தலை எப்படிக் கிறுகிறுக்கிறது என்று பெண்டுகளிடம் கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள், திருத்தாமல். அம்மாவிடம் கேட்டு நான் எழுதி வைத்தவை ஒரு நாற்பது சொல் இருக்கும். விலாசம் அனுப்புங்கள், படியெடுத்துத் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா